மஞ்சள் ஜாக்கெட் போட்டால் லாரிக்காரருக்குத் தெரியுமா? – கேள்வி பதில்

பெங்களூரில் பைக், ஸ்கூட்டர் ஓட்டும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் பீன்யா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. பளிச்சென்ற ஜாக்கெட் எனக்கு அன்றாட வேலை, வீட்டிலிருந்து வேலைக்குப் போவதும் பைக்கில்தான். எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஹலசூர் தம்பி: இந்த ஜாக்கெட்டால் நிஜமாகவே விபத்து குறையுமா, இல்லை விற்கிறவன் விடும் கதையா?

கதை இல்லை தம்பி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் விபத்தில் சிக்கிய பைக்காரர்களையும், அதே வட்டாரத்தில் ஒன்றும் ஆகாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்தார்கள், 2004-ல் வெளிவந்தது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பி அனுப்பும் உடை போட்டவர்களுக்கு ஆபத்து 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம், பகலில் ஹெட்லைட் எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. ஆனால் சாதாரண சட்டையின் நிறமோ வண்டியின் நிறமோ எந்த வித்தியாசமும் காட்டவில்லை. "சிவப்பு வண்டி வாங்கினால் எல்லோருக்கும் தெரியும்" என்று ஷோரூமில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்த ஜாக்கெட்டைத் தேடிப் போடுகிறவன் ஏற்கெனவே நிதானமாக ஓட்டுகிறவனாக இருக்கலாம். அப்படியானால் காப்பாற்றியது ஜாக்கெட்டா, நிதானமா? கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது. டென்மார்க்கில் இதற்காகவே 6793 சைக்கிள்காரர்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு மட்டும் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள். இன்னொருவர் சம்பந்தப்பட்டு அடிபட்ட விபத்துகள் அந்தப் பாதியில் 47 சதவீதம் குறைந்தன. ஜாக்கெட் வாங்கியவர்கள் விபத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று கழித்த பிறகும் 38 நின்றது. அது சைக்கிள், அது டென்மார்க், மாரத்தஹள்ளி அல்ல. இருந்தாலும் போடுவதில் பலன் உண்டு என்றே சொல்வேன்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: இரவு ஷிஃப்ட் எனக்கு. ஜாக்கெட் முதுகில் பெரிய ரிஃப்ளெக்டர் பட்டை இருக்கிறது. போதும்தானே?

லேப்டாப் பை மாட்டுகிறீர்களா? மாட்டுவீர்கள். பட்டை முழுக்கப் பைக்கு அடியில் போய்விட்டது. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு மாலை நின்று பாருங்கள், ஆயிரக்கணக்கில் செலவழித்த ஜாக்கெட்டெல்லாம் கறுப்புப் பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகும். பையின் மேலேயே பட்டை ஒட்டுங்கள், அல்லது பளிச்சென்ற மழை உறை ஒன்று வாங்கிப் பைக்கு மாட்டுங்கள்.

இன்னொன்று. பகலில் கண்ணைப் பறிக்கும் அந்த மஞ்சள்பச்சைத் துணி, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. இரவில் சோடியம் விளக்கடியில் அந்தக் கதிர் கிடையாது, வெறும் மங்கல் துணிதான். இரவில் உதவுவது சாம்பல் நிறப் பட்டை. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் இருக்கும், வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதாவது ஹெட்லைட் உங்கள் மேல் விழுந்தால்தான் உண்டு. பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிவீர்கள். பக்கத்துச் சந்திலிருந்து மூக்கை நீட்டும் காரின் வெளிச்சம் உங்கள் மேல் விழவே இல்லை, அவருக்குப் பட்டை இருந்தும் இல்லாததுதான். அங்கே உங்கள் ஹெட்லைட்தான் கதி.

கம்மனஹள்ளி: எந்த பிராண்ட் வாங்கலாம்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

சிவாஜிநகர்: புல்லட் ஓட்டுகிறேன். கறுப்பு ஜாக்கெட்தான் கெத்து. மாற்ற மாட்டேன்.

மாற்ற வேண்டாம். ஹெல்மெட்டின் பின்பக்கம் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கூட்டத்தில் மற்றவர் தலைகளுக்கு மேல் தெரிவது அதுதான். கெத்து குறையாது.

ஜெயநகர் அக்கா: ஸ்கூட்டரில் மகளைப் பள்ளிக்கு விடுகிறேன். புடவை மேல் ஜாக்கெட் போட முடியுமா தம்பி?

குறுக்கே மாட்டும் ரிஃப்ளெக்டர் பெல்ட் கிடைக்கும் அக்கா, புடவை மேலேயும் நிற்கும். ஆனால் பின்னால் உட்காருவது பாப்பா, உங்கள் முதுகை அவள் மறைத்துவிடுவாள். அவள் முதுகிலோ பள்ளிப் பை. பட்டை ஒட்ட வேண்டியது அந்தப் பையில்தான். பை, பை, பை! முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், சக்கரத்தில் சிக்கினால் எந்தப் பட்டையும் உதவாது.

கோரமங்களா: நான் கார் ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் திரும்புகிறேன், பைக் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. தப்பு யார் மேல்?

உங்களைப் போல் சொல்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் நடுவில் இருப்பதை மூளை வாங்குவதே இல்லை. காரின் முன்கண்ணாடியை ஒட்டிய தூண் ஒரு பைக்கை முழுசாக மறைக்கும். அதையெல்லாம் தாண்டிப் பைக் கண்ணில் பட்டாலும், சிறிய உருவம் தூரத்தில் இருப்பது போலவும் வந்து சேர நேரமாகும் போலவும் தோன்றும். "போய்விடலாம்" என்று யூ-டர்ன் அடிப்பீர்கள். அமெரிக்காவில் 1981-ல் வந்த ஹர்ட் அறிக்கை, பைக்கும் இன்னொரு வண்டியும் மோதிய விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய மற்ற வண்டிக்காரர் வழிவிடவில்லை என்றது. ஜாக்கெட் உங்கள் கண்ணைத் திருப்பும், தூரக் கணக்கைத் திருத்தாது. அதனால்தான் பைக்காரர்களிடம் சொல்கிறேன், ஜாக்கெட் போட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாதவன் போல ஓட்டுங்கள். காரிலிருக்கும் நீங்கள் தலையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டாம் முறை பாருங்கள்.

மர்ஃபி டவுன்: ஜாக்கெட் எதற்கு அண்ணா? நல்லா சத்தம் போடும் சைலன்சர் மாட்டினால் எல்லோரும் ஒதுங்குவார்கள்.

வந்துவிட்டீர்களா! சைலன்சரின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது தம்பி? பின்பக்கம். உங்கள் எதிரே திரும்பப்போகும் காரில் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடுகிறது. அவருக்குச் சத்தம் கேட்பது நீங்கள் பம்பரில் ஏறிய பிறகு.

அதே தம்பி: ஆட்டோக்காரர்கள் ஒதுங்குவதைக் கண்ணால் பார்க்கிறேனே?

ஒதுங்குவார்கள். நெரிசலில், நீங்கள் ஊர்ந்து அவர் பின்னால் போகும்போது, திறந்த வண்டியில் இருப்பவருக்குக் கேட்கத்தான் செய்யும். ஆளைக் கொல்வது அந்த இடம் அல்ல, எதிரிலும் குறுக்கிலும் வருவதுதான்.

பானஸ்வாடி: இவர் மாதிரி ஒருவர் தினமும் நள்ளிரவில் எங்கள் தெருவில் போகிறார், கைக்குழந்தை அலறி எழுகிறது. அதற்கு என்ன ஜாக்கெட் போடுவது?

தம்பி பதில் சொல்லட்டும்.

மர்ஃபி டவுன் தம்பி: கம்பெனி சைலன்சரில் வண்டி இழுக்காது அண்ணா.

இப்போது பாதுகாப்பிலிருந்து இழுவைக்கு வந்துவிட்டோம் பாருங்கள், எனக்கு அது முதலிலேயே தெரியும். பிடித்த சைலன்சர்களைப் போலீஸ் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களும் வந்திருக்கின்றன. இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: பகலில் ஹெட்லைட் எரிகிறது என்று எதிரே வருகிறவர்கள் கையை மூடித் திறந்து காட்டுகிறார்கள். அணைக்க சுவிட்சே இல்லை!

2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் அப்படித்தான், விதி. தலையாட்டிவிட்டுப் போங்கள். பழைய வண்டிக்காரர்கள் சுவிட்சைப் போட்டே ஓட்டுங்கள்.

ராஜாஜிநகர்: ஜாக்கெட் பட்டை ஆறே மாதத்தில் மங்கிவிட்டது.

துவைத்தது யார்? சோப்புத் தூளில் ஊறவைத்து, கல்லில் போட்டு, பிரஷால் தேய்த்திருப்பார்கள். மணிகள் உதிர்ந்து அடியிலிருக்கும் துணி தெரியும், விரலால் தடவினாலே வழவழப்பு போயிருப்பது புரியும். ஈரத்துணியால் துடையுங்கள், பட்டை மேல் இஸ்திரி வைக்காதீர்கள். எங்கள் தொழிற்சாலையில் ஜாக்கெட் வாங்கும்போது ஐ.எஸ். 15809 (இத்தகைய ஜாக்கெட்டுக்கான இந்தியத் தர எண்) இருக்கிறதா என்று பார்ப்போம், எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சீட்டில் போட்டிருக்கும். அப்புறம் மழை. மணிப் பட்டை நனைந்தால் ஒளி குறையும், தேன்கூடு போலக் கட்டம் தெரியும் பட்டை மழையில் மேல்.

ஹெப்பால்: எந்த பிராண்ட்...

ஐயா.

சர்ஜாபூர் ரோடு: ஜாக்கெட் போடவில்லை என்று இன்சூரன்ஸ் பணத்தை மறுப்பார்களா?

என் துறை இல்லை. பாலிசியை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி: வெள்ளி இரவு ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி போவேன். பாதி வழியில் பஞ்சர் ஆனால்?

ஜாக்கெட் முழுக் கூலிக்கு உழைப்பது அந்த நேரத்தில்தான். பிரான்சில் 2016-லிருந்து பைக்காரர்கள் ஜாக்கெட்டைக் கையோடு வைத்திருந்து, வண்டி பழுதாகி நின்றால் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். வண்டியை ஓரக்கோட்டுக்கு வெளியே எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளுங்கள். டெயில் லைட்டில் சேறு இருந்தால் துடையுங்கள். பையைக் கழற்றிவிட்டு ஜாக்கெட்டைப் போடுங்கள். டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டு சாலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று போன் செய்யுங்கள்.

கெங்கேரி: மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் இரவில் எது நல்லது, மஞ்சளா ஆரஞ்சா?

அந்த மெயின் ரோட்டில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்கே விடுவதில்லை. சர்வீஸ் ரோட்டில் போங்கள். இரவில் இரண்டும் ஒன்றுதான், பட்டையைப் பாருங்கள்.