நியூரோஃபீட்பேக், ஒளி சிகிச்சை: பயில்வோர் கேள்விகள்

கேள்வி: இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடித்தால் சான்றிதழ் தருகிறார்கள், கருவியையும் அவர்களே விற்கிறார்கள். அதை வைத்துப் பக்கவாத நோயாளிகளுக்கு நியூரோஃபீட்பேக் தொடங்கலாமா?
– இயன்முறை மருத்துவர், ஈரோடு

பதில்: தொடங்காதீர்கள். மூளை அலையைத் திரையில் காட்டி, வேண்டிய அலை வரும்போது ஒலியைப் பரிசாகக் கொடுத்துப் பழக்குவதுதான் நியூரோஃபீட்பேக். இரண்டு நாளில் மென்பொருள் பழகும். மூளை அலையை வாசிக்கப் பழகாது. பி.சி.ஐ.ஏ. என்ற சர்வதேச அமைப்பின் நியூரோஃபீட்பேக் சான்றிதழுக்கு 36 மணி நேரப் பாடம், தனியாக நரம்பு உடற்கூறியல் படிப்பு, வழிகாட்டியுடன் 25 மணி நேரம், அவர் பரிசீலிக்கும் 100 அமர்வுகள், 10 நோயாளிகளைப் பற்றிய விவாதம், அதற்குப் பிறகு தேர்வு. உங்கள் தலையிலேயே எலக்ட்ரோடு (மூளை அலையைப் பிடிக்கும் சிறு உலோக வில்லை) ஒட்டி 10 அமர்வுகளும் எடுக்க வேண்டும். பலர் தட்டிக்கழிக்கப் பார்ப்பது இந்தப் பத்தைத்தான். ஆனால் பல்லைக் கடித்தால் திரையில் என்ன ஆகிறது, தூக்கம் சொக்கும்போது தீட்டா என்ற மெதுவான அலை எப்படி ஏறுகிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும். இவ்வளவும் முடித்த பிறகும், உங்கள் தொழிலுக்கு உள்ள உரிமத்தின் எல்லைக்குள், நரம்பியல் மருத்துவருக்குத் தெரியப்படுத்தித்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: எலக்ட்ரோடு மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். எனக்கு 20, 30 என்றே நிற்கிறது. சில நாள் தடை சரியாக இருந்தும் அலை ஆடுகிறது. எங்கே தவறு?
– செயல்முறை மருத்துவர், நாகர்கோவில்

பதில்: முதல் சந்தேகம் தேங்காய் எண்ணெய் மேல்தான். முந்தின இரவு தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். முடியை வகிடு எடுத்து விலக்கி, சொரசொரப்பான ஜெல்லைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, தோல் லேசாகச் சிவக்கும்வரை தேயுங்கள். கீறல் விழக் கூடாது. பிறகு பட்டாணி அளவு பேஸ்ட். அள்ளி அப்பினால் அருகருகே உள்ள இரண்டு எலக்ட்ரோடுகளின் பேஸ்ட் ஒன்றோடொன்று கலந்து, இரண்டும் ஒரே புள்ளி போல ஆகிவிடும். எலக்ட்ரோடு மாட்டும் காது மடலையும் இதே போலத் தேயுங்கள். புதியவர்கள் மறப்பது அதைத்தான். தங்க எலக்ட்ரோடையும் வெள்ளி எலக்ட்ரோடையும் கலந்து மாட்டினால், தடை சரியாக இருந்தாலும் அலை மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

தடை குறைந்தும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். வயர்களைப் பின்னிக் கட்டுங்கள்.

இடத்தைக் கண்ணளவில் வைக்காதீர்கள். மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் துருத்தும் எலும்புவரை ஒரு அளவு, காதிலிருந்து காதுவரை உச்சி வழியாக இன்னொரு அளவு. இரண்டின் நடுவும் சந்திப்பதே உச்சிப் புள்ளி. காதுக்குக் காது 35 செ.மீ. என்றால் அதில் 20 சதவீதம், அதாவது உச்சியிலிருந்து 7 செ.மீ. வலப்பக்கம் இறங்கினால், இடது கையை ஆளும் பகுதிக்கு மேல் வருவீர்கள்.

பயிற்சி தொடங்குமுன் ஒரு சோதனை: கண் சிமிட்ட, பல் கடிக்க, எச்சில் விழுங்கச் சொல்லித் தனித்தனியே பதிவு செய்யுங்கள். சிமிட்டல் நெற்றி எலக்ட்ரோடில் மெதுவான அலையாக வேஷம் போடும். தாடைத் தசை நெற்றிப்பொட்டுப் பக்கம் வேகமான பீட்டா அலை போல வரும். இது தெரியாமல் பீட்டாவுக்குப் பரிசு கொடுத்தால், நோயாளி பல்லைக் கடிக்கக் கற்றுக்கொள்வார். பரிசு ஒலி தொடக்கத்தில் 60 முதல் 70 சதவீத நேரம் கிடைக்கும்படி, அலை எந்த அளவை எட்டினால் பரிசு என்ற எல்லையை வையுங்கள். தானாக மாறும் எல்லையை நம்பி விட்டுவிட்டால், அவர் தூங்கிப்போனாலும் பரிசு ஒலித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: தலைக்கவச ஒளிக் கருவியில் 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது. 40 நிமிடம் வைத்தால் இரட்டிப்புப் பலன் உண்டா?
– சிறப்புக் கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. அளவு மிகுந்தால் விளைவு குறைவது, தலை வழியாக மூளைக்கு ஒளி செலுத்தும் இந்தச் சிகிச்சையில் நன்றாகத் தெரிந்த குணம். கடிகாரத்தைப் பார்க்காமல் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு 25 மில்லிவாட், 1200 விநாடி என்றால் 30 ஜூல். விட்டுவிட்டு எரியும் ஒளி, பாதி நேரம்தான் எரிகிறது என்றால் 15 ஜூல். கருவி அட்டையில் உள்ள எண் சராசரியா, உச்ச அளவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மொத்த வாட் மட்டும் போட்டிருந்தால் அது கணக்குக்கு உதவாது. இதுவும் தலைத்தோலில் விழும் அளவு மட்டுமே. முடி, எலும்பு தாண்டி மூளைப் புறணியை எட்டுவது சில சதவீதம்தான். கருமுடி ஒளியைத் தின்னும், ஆகவே முடியை விலக்குங்கள்.

810 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. கூசாததால் இமை தானாக மூடாது. அந்த அலைநீளத்துக்கென்றே உள்ள பாதுகாப்புக் கண்ணாடியை நீங்களும் நோயாளியும் போட வேண்டும். பக்கவாதத்தில் உணர்ச்சி மரத்தவருக்குச் சூடு தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தோலைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: விபத்தில் மண்டை ஓட்டின் ஒரு பகுதி எடுக்கப்பட்டவர். அந்த இடத்தில் அலை மிகப் பெரிதாக வருகிறதே?
– பேச்சுப் பயிற்சியாளர், சேலம்

பதில்: எலும்புத் தடை இல்லாததால் அப்படித்தான் வரும். அதை மூளையின் மிகைச் செயல்பாடு என்று நினைத்து அடக்கப் பயிற்சி கொடுப்பது பெரும் தவறு. அங்கே எலக்ட்ரோடும் வேண்டாம், ஒளியும் வேண்டாம். வலிப்பு வந்ததுண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்து எட்டு மாதமான அப்பாவுக்கு ஒளி சிகிச்சை கொடுத்தால் கை திரும்புமா?
– வாசகி, மதுரை

பதில்: வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள், அம்மா. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் 808 நானோமீட்டர் லேசர் கொடுத்துப் பார்த்த நெஸ்ட் ஆய்வுகளில் முதலாவது நம்பிக்கை தந்தது. மூன்றாவது, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. எட்டு மாதம் கழித்துக் கொடுப்பதற்கு உறுதி சொல்லும் அளவு ஆதாரம் இன்னும் இல்லை. கைப் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். அதற்கான பணத்தையும் நேரத்தையும் எடுத்து இதற்குக் கொடுக்க வேண்டாம்.