சூடானால் நின்றுபோகும் பழைய செயின் சா: பிஸ்டனைக் கழற்றும் முன் செயினைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஏற்காட்டில் ஆறு ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். அப்பா ஒரு எஸ்டேட்டிலிருந்து பழையதாக வாங்கிய ஸ்டில் 070 செயின் சா இருக்கிறது. காற்றில் விழும் சில்வர் ஓக்கைத் துண்டு போடவும், நிழல் மரக் கிளை கழிக்கவும் அதுதான். காலையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். இருபது நிமிடம் அறுத்தால் பவர் இறங்கி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால்தான் மறுபடி ஓடுகிறது. ஆள் அழுத்திப் பிடித்தால்தான் மரத்தில் இறங்குகிறது, தூள் மாவாக வருகிறது, செயின் ஓடுகிற பாரில் புகையும் வருகிறது. மெக்கானிக் பிஸ்டன், சிலிண்டர் செட் மாற்றணும் என்கிறார். டீலர் ஒருவர், இதற்கெல்லாம் இனி ஸ்பேர் வராது, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புது 58 சிசி எடுங்கள் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறதே, தூள் மாவாக வருகிறது என்று, அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். கூர் இருக்கிற செயின் மரத்தைச் சீவும். பாதி விரல் நகம் அளவுக்குச் செதில் செதிலாக வந்து காலடியில் கொட்டும். மாவு வருகிறது என்றால் செயின் மரத்தை அறுக்கவில்லை, தேய்க்கிறது. அதனால்தான் ஆள் அழுத்துகிறார், அதனால்தான் பாரில் புகை.

மிஷின் நிற்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 070-ல் சிலிண்டருக்குக் காற்று அடிப்பது மேக்னட்டிலேயே இருக்கிற விசிறி. ஆள் அழுத்த அழுத்த, ஆக்சிலேட்டர் முழுக்கப் பிடித்தும் சுற்று இறங்கிவிடும். சுற்று இறங்கினால் காற்றும் குறையும். அதிகச் சுமை, குறைந்த காற்று, அதோடு மரத்தூள் அடைத்த சிலிண்டர் துடுப்புகள். இருபது நிமிடம் தாங்கியதே அந்த மிஷினின் பெருமை. 1959-ல் ஸ்டில் கொண்டுவந்த கான்ட்ரா மிஷினின் வாரிசு அது, நூறு சிசிக்கு மேல். ஒழுங்காக வைத்தால் உங்கள் மகன் காலத்திலும் அறுக்கும்.

மெக்கானிக் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். சைலன்சரைக் கழற்றுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கி, துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டு வழுவழுப்பாக, தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய கோடுகள் குறுக்கே தெரிகிற மாதிரி இருந்தால், செட் மாற்றச் சொன்னவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் அது வேறு கதை. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது எங்கோ காற்று உறிஞ்சிப் பெட்ரோல் குறைந்து ஓடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் கீறியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது செட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அப்புறம், மிஷின் சூட்டில் நின்ற அந்த நிமிடமே மூன்று விஷயம் பாருங்கள், ஆறின பிறகு பார்த்துப் பயனில்லை. பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. அது இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில் பொறி பாருங்கள். சூட்டில் பொறி வராமல் ஆறினால் வந்தால், பொறிக்கான கண்டென்சர் அல்லது காயில் கோளாறு. உங்களுடையது பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பழைய வகை என்றால் கண்டென்சர் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். மூன்றாவது மட்டும் மிஷின் சூடாக ஓடும்போதே பார்க்க வேண்டியது: ஆக்சிலேட்டரை விட்டதும் சுற்று சட்டென்று இறங்காமல் இழுத்துக்கொண்டே நின்றால் கிராங்க் ஆயில் சீல், அதாவது இன்ஜின் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம், காற்று உறிஞ்சுகிறது. அந்த நிலையில் ஒரு மரம்கூட அறுக்காதீர்கள். சீல் சில நூறு ரூபாய்ப் பொருள், அது காவு வாங்குவது பிஸ்டனை.

சரி, செயினுக்கு வருகிறேன். என்னிடம் வரும் பழைய மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொல்லும் முதல் மருந்து ஒரு வட்ட அரம்தான். 070-ல் வழக்கமாக ஓடும் பாயிண்ட் 404 (0.404 அங்குலப் பிட்ச்) செயினுக்கு 5.5 மி.மீ. அரம். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும், மிஷின் ஆறுகிற அந்த நேரத்தில், பல்லுக்கு மூன்று தள்ளு. உள்ளிருந்து வெளியே தள்ளணும், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடணும், இழுக்கக் கூடாது. அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியணும். எல்லாப் பல்லுக்கும் எண்ணிக்கை ஒன்றே. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் ஐந்து என்று போனால் வெட்டு வளைந்து ஓடும், பார் கோணிக்கொள்ளும். கல்லில் பட்ட பல் ஒன்று குட்டையாகிவிட்டால் மற்றவற்றையும் அதன் அளவுக்கு இறக்குங்கள். பல்லுக்கு முன்னால் ஒரு சின்னத் திமில் நிற்கிறதே, பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் இறக்கணும். பல்லின் நுனிக்கும் அதற்கும் சுமார் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. அதைக் கண்ணளவில் செய்யாதீர்கள், அதற்கென்று அளவுத் தகடு விற்கிறது. கூடுதலாக இறக்கினால் செயின் கடித்து உதறும்.

கவாத்துக் கத்தியை மொட்டையாக எடுத்துக்கொண்டு நீங்கள் காபிக் காட்டுக்குள் இறங்குவீர்களா? இதுவும் கத்திதான். ஆனால் செயினைச் சாணைக் கடைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். கல் சக்கரத்தில் வைத்து அழுத்திப் பல்லை நீலமாக்கித் தருகிறார்கள். நீலம் பாய்ந்த பல் இறுகிப்போய்விடும், அப்புறம் அரம் வழுக்கும். பல்லின் பாதி ஆயுளையும் அந்தச் சக்கரமே தின்றுவிடும். செயின் மொட்டையானதும் புதுச் செயின் விற்கிற கடைக்காரர் யாரும் அரம் பிடிக்கச் சொல்லித்தர மாட்டார். எனக்கு இதில் கோபமே உண்டு.

பாருக்கு டிராக்டர் வடித்த பழைய ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன், மலையில் பாதிப்பேர் அதுதான் செய்கிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, ஆயில் பம்பைத் தின்னும். கையிலும் முகத்திலும் தெறிப்பது தோலுக்குக் கெடுதல். பார் ஆயிலே வாங்குங்கள். பாரின் காடியைத் தகட்டால் சுரண்டி, ஆயில் துளையைத் திறந்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். ஓடவிட்டு, பார் நுனியை, வெட்டிய அடிமரத்துக்கு நேராகக் காட்டினால் அதன்மேல் ஆயில் கோடு விழ வேண்டும்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் அது கெடுக்கும், இரண்டையும் இந்த வருடமே மாற்றிவிடுங்கள். மலை ஈரத்தில் கேனைத் திறந்து வைத்தால் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரியும். டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலே நிற்கும், டேங்கின் அடியில் உறிஞ்சப்படுவதில் ஆயில் இருக்காது. அந்த வார வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மிச்சத்தை வடித்துவிடுங்கள். ஸ்டில் கம்பெனி ஆயில் என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, மற்ற டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 40.

ஸ்பேர் வராது என்பது வியாபாரப் பேச்சு. 070-க்கு சீல், டயாஃப்ரம், பிஸ்டன் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன, நகல்களும் ஏராளம். சீலும் டயாஃப்ரமும் அசலாகவே வாங்குங்கள்.

ஆனால் புது மிஷின் ஒன்று உங்களுக்குத் தேவைதான், டீலர் சொன்ன காரணத்துக்காக இல்லை. பழைய 070-ல் செயின் பிரேக் கிடையாது. பார், செயினோடு பத்துக் கிலோவுக்கு மேல். பார் நுனியின் மேல்பகுதி ஒரு கிளையில் இடித்தால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், தடுக்க எதுவும் இல்லை. கிளை கழிக்க அதை எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தரையில் விழுந்த அடிமரத்துக்கு மட்டும் அது போதும். கழிப்பதற்குச் சின்னதாக, பிரேக் உள்ள ஒன்றை எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் தனியாக வாங்குங்கள். கடையிலேயே ஓடவிட்டு, கைப்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்பை முன்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காததை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.