கஞ்சிக்கோட்டு இரும்பு ஆலையில் கார்பன் உமிழ்வைக் குறைக்கக் கூரையில் சூரியத் தகடு போட்டால் போதுமா?

போதாது. தகடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன். பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்து ஆலைகளில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான்.

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய இரும்பை உருக்கும் மின் உலைக்கு டன்னுக்கு ஏறக்குறைய 600 யூனிட் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, டன்னுக்கு 420 கிலோ. நாளுக்கு 50 டன் உருக்கினால் 30,000 யூனிட். ஒரு கிலோவாட் தகடு 100 சதுர அடியை அடைத்துக்கொண்டு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியென்றால் ஏழரை லட்சம் சதுர அடி, அதாவது 17 ஏக்கர் கூரை வேண்டும். எந்த ஆலையில் இருக்கிறது?

இரும்பை உருக்க அறிவியல் கணக்குப்படி 400 யூனிட்டே போதும். மீதி எங்கே போகிறது என்று உலையருகே நின்றால் தெரியும். 1,600 டிகிரியில் தளதளக்கும் இரும்பு மூடியில்லாமல் கிடக்கும். ஆய்வகத்திலிருந்து மாதிரியின் முடிவு வந்திருக்காது, கிரேன் வேறு பக்கம் நிற்கும், உருகிய இரும்பை ஏந்தும் பெரிய வாளியான லேடில் சூடாகியிருக்காது. அதுவரை சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளவே மின்சாரம் செலவாகும். துருவும் மண்ணுமாக இரும்பைக் கொட்டினால் கசடையும் சேர்த்து உருக்க வேண்டும். டன்னுக்கு 30 யூனிட் மிச்சம் பிடித்தாலே அந்த ஆலையில் நாளுக்கு ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு குறையும். மூடி போட்டால் பாலக்காட்டு மார்ச் வெயிலில் அங்கே நிற்கிற தொழிலாளிக்கும் அனல் குறையும். எனக்கு அதுவும் அதே அளவு முக்கியம்.

அடுத்தது கருவிகளை இயக்கும் அழுத்தக் காற்று. உற்பத்தி நின்ற நாளில், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். யாருக்கும் காற்று தேவைப்படாத நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று நிமிடம் அது லோடு எடுத்தால், அதாவது காற்றை அழுத்தி நிரப்பினால், அதன் திறனில் 30 சதவீதம் கசிவிலேயே போகிறது என்று பொருள். கவனிப்பில்லாத ஆலைகளில் இது சகஜம். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைப் பூசுங்கள். குமிழி வருகிற இடமெல்லாம் ஓட்டை.

சிமெண்ட் வேறு கதை. வாளையாரில் மலபார் சிமெண்ட்ஸ் இருப்பதால் பலர் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் டன்னுக்கு 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு கல்லிலிருந்தே வெளியேறும். மின்சாரம் முழுவதும் சூரியனிலிருந்து வந்தாலும் அது நிற்காது. அங்கே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்புத் தாதை உருக்கும் ஊதுலையின் கசடையோ கூடுதலாகக் கலக்க வேண்டும்.

எதைத் தொடங்கும் முன்பும் கடந்த ஆண்டின் மின்கட்டண ரசீதுகளையும் உற்பத்திப் பதிவேட்டையும் எடுத்து, மாதவாரியாக டன்னுக்கு எத்தனை யூனிட் என்று எழுதிவையுங்கள். மூடி போட்டதில் எவ்வளவு, கசிவை அடைத்ததில் எவ்வளவு என்று முதலாளியிடம் காட்ட அந்தத் தாள் வேண்டும். தகட்டுக்குப் பணம் கேட்கப் போகும்போதும் அதையே கொண்டுபோங்கள்.