நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் பணிபுரிகிறேன். வாசலருகே ஒரு மேசை போட்டுச் சில நூல்களை அட்டை தெரியும்படி நிறுத்திவைத்தேன். அலமாரியில் யாரும் தொடாதவைகூட அங்கிருந்து போய்விடுகின்றன. ஆனால் வாசகர் வட்டத்தில் ஒருவர், "இது உங்கள் ரசனையைத் திணிப்பது. வேண்டியவர் தேடி எடுத்துக்கொள்வார்" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஒரு நூலகர்

அன்புள்ள நூலகருக்கு,

மேசையை எடுத்துவிடாதீர்கள்.

என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்தவர்தான் தேடுவார். மற்றவர்கள்? நம் கிளை நூலகங்களில் மறு பைண்டிங் செய்த நூல்களின் முதுகில் பெரும்பாலும் ஓர் எண்தான் இருக்கும், தலைப்பு இருக்காது. எதை வைத்துத் தேடுவது? அலமாரியும் தன் பங்குக்குத் திணிக்கத்தான் செய்கிறது. கண்ணுக்கு நேரான தட்டில் இருப்பது போகிறது. அடித்தட்டில் இருப்பதைக் குனிய முடியாத பெரியவர் ஒருநாளும் பார்ப்பதில்லை. நூலகர் மேசையில் திரும்பி வந்த நூல்கள் குவிந்திருந்தால், உள்ளே நுழைபவர்கள் முதலில் அதைத்தான் புரட்டுகிறார்கள். யாரும் திட்டமிடாத காட்சி மேசை அது.

அமெரிக்காவில் நூலகவியல் பேராசிரியர் ஹெர்பர்ட் கோல்டோர் இதைச் சோதித்து 1972இல் எழுதினார்: முக்கியமான இடத்தில் வைத்த நூல்கள் கூடுதலாக இரவல் போயின. எளிதில் கண்ணில் படுவதே அதற்கு முதன்மைக் காரணம் என்று 1986இல் ஷாரன் பேக்கர் காட்டினார்.

நமக்கோ சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனே போதும். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூலகமே ஊர் ஊராகப் போனது. நூல் ஆளைத் தேடிப் போவது டெல்டாவுக்குப் பழைய வழக்கம்.

உங்கள் நண்பர் சொல்வதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஒரே எழுத்தாளர்கள், ஒரே கட்சியின் சிந்தனை என்று மேசை மாதக்கணக்கில் மாறாமல் கிடந்தால் அது திணிப்புதான். ஆகவே பிடித்த நூல்களிலிருந்து தொடங்காமல், பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். பல ஆண்டுகளாக முத்திரை விழாத நூல்களை முதலில் எடுங்கள். பாசன வரலாறு, கோயில் கல்வெட்டுகள், கும்பகோணம் வட்டாரத்துப் பழைய சிறுகதைகள் எல்லாம் அங்கே அகப்படும். பிரபலமான நாவல்களுக்கு உங்கள் உதவி தேவையில்லை. வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஒரு நூல் போனதும் அந்த இடத்தில் இன்னொன்றை வையுங்கள். பாதி காலியான மேசையை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இடத்தையும் யோசியுங்கள். வாசலைவிட நாளிதழ் மேசைக்குப் பக்கம் நல்லது என்பேன். காலையில் செய்தித்தாள் படிக்க வருபவர்களில் பலர் உறுப்பினர்கூட இல்லை. அலமாரிப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறார்கள். தாள் இன்னொருவர் கையில் இருக்கும்போது அவர்கள் காத்திருக்கும் பத்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்கும். உறுப்பினர் விண்ணப்பப் படிவங்களையும் அந்த மேசையிலேயே வைத்துவிடுங்கள்.