கரை ஒதுங்கிய கடற்பறவையை மறுபடி கடலில் விடலாமா?

கேள்வி: புயல் ஓய்ந்த மறுநாள் கரையில் வாத்தைவிடப் பெரிய பறவை ஒன்று கிடந்தது. நீண்ட, கூரான அலகு. அலைக்குள் விட்டேன், திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது. இப்போது வீட்டில் வைத்திருக்கிறேன். மீன் கொடுத்துவிட்டு நாளை மறுபடி கடலில் விடலாமா?

பதில்: விட வேண்டாம். மீனும் வேண்டாம். புயலில் நாள்கணக்கில் இரை கிடைக்காமல் ஓய்ந்துபோன பறவைக்கு இறகைக் கோதி ஒழுங்கு செய்யவும் தெம்பு இருக்காது. அப்போது தண்ணீர் இறகுக்குள் இறங்கி உடம்பு சில்லிட்டுவிடும். அதனால்தான் அது கரைக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த நிலையில் மீன் செரிக்காது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் ஒரு துண்டு, இருட்டு, அமைதி. இவை போதும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பூபி (booby) என்ற பெரிய கடற்பறவையாக இருக்கலாம். கொத்துகிறதே என்று அலகை ரப்பர் பேண்டால் கட்டிவிடாதீர்கள். பூபிக்கு வெளியே மூக்குத்துளை கிடையாது, வாய் வழியாகத்தான் மூச்சு. அலகைக் கட்டினால் மூச்சடைத்துச் செத்துப்போகும். நல்ல மனதோடு இப்படிக் கொன்றவர்கள் உண்டு. கண்ணைக் குறிவைத்துக் கொத்தும், ஆகவே முகத்தைத் தள்ளி வையுங்கள். பறவைக்காய்ச்சல் இருக்கலாம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று. படம் எடுத்து இணையத்தில் போட்டதுமே ‘மீட்புக் குழு’ என்று சிலர் வருவார்கள். மருந்துச் செலவு, வண்டிச் செலவு என்று பணம் கேட்பார்கள், பறவையைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பார்கள். அதற்கப்புறம் பறவை என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கால்நடை மருத்துவர் பார்ப்பார், வனவிலங்கைக் கையாள அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பறவையைக் கொடுக்காதீர்கள்.

கடலுக்கே திரும்ப வேண்டிய பறவையும் ஒன்று உண்டு: ஷியர்வாட்டர் (shearwater) என்ற கடற்பறவையின் குஞ்சு. கூட்டைவிட்டு முதல்முறை இரவில் கிளம்பும்போது விளக்கு வெளிச்சத்தில் தடுமாறித் தெருவில் விழுந்துவிடும். அதற்கு நோயும் இல்லை, பட்டினியும் இல்லை. கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் சமதரையிலிருந்து எழும்ப முடியாது, அவ்வளவுதான். அங்கேயே விட்டால் நாய், பூனை, வண்டி. காயமில்லை என்று விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு, கடலோரத்தில் விட்டால் பறந்துவிடும். அப்போதும் தூக்கி எறியக் கூடாது. உள்ளங்கையில் உயர்த்திப் பிடித்தால் தானாகவே கிளம்பும். ஹவாயின் கவாய் தீவில் 1979-இல் தொடங்கிய திட்டம் இப்படி ஆயிரக்கணக்கான பறவைகளைக் காப்பாற்றியிருக்கிறது. விழுந்த பறவையைக் கொண்டுவந்து வைக்க அங்கே தீயணைப்பு நிலையங்களில் கூண்டுகள் உண்டு.

மற்ற இடங்களில்? வனத்துறைக்குப் போன் செய்தால் கால்நடைத் துறை என்பார்கள், அங்கே கேட்டால் மீன்வளத் துறை என்பார்கள். புயல் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. பறவை ஒதுங்கும் என்பதும் தெரியும். ஒரே ஒரு தொலைபேசி எண்ணை அறிவிக்க ஏன் முடியவில்லை? நான் கேட்டுச் சலித்துவிட்டேன். நீங்கள் சலிக்காதீர்கள். இன்றைக்கே வனத்துறையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள், பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் சொல்லும் மருத்துவரிடம் பெட்டியோடு நீங்களே கொண்டுபோய் ஒப்படையுங்கள்.