வேலூர் கண்டோன்மென்ட் வழியாக ஓடிய பழைய மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின் எது? ஏன் அப்படிப் புகை கக்கியது?

அது ஒய்டிஎம்-4. ‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகிய பாதை), ‘டி’ டீசல், ‘எம்’ என்றால் பாசஞ்சருக்கும் கூட்ஸுக்கும் பொது. காட்பாடியில் கிளம்பி, வறண்ட பாலாற்றைத் தாண்டி, கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை என்று விழுப்புரம் வரை எங்களை இழுத்துப் போனது இதுதான்.

வடிவமைப்பு அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியுடையது. 1960-களின் தொடக்கத்தில் அங்கிருந்து வந்தது. கொஞ்சம் கனடாவிலிருந்தும் வந்தது. 1968 முதல் வாராணசியிலேயே செய்தார்கள். ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன். எடை 72 டன்தான், அதையும் ஆறு அச்சுகள் பங்குபோட்டுக்கொள்ளும். மீட்டர் கேஜின் லேசான தண்டவாளம் தாங்க வேண்டுமே!

சரி, புகைக்கு வருவோம். டிரைவர் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை ஒவ்வொரு நாட்சாக, அதாவது படியாக ஏற்றுவார், மொத்தம் எட்டு. ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். காற்றைத் திணிக்கிற டர்போ சுற்றுவதோ, எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில். அது சூடு பிடித்துச் சுற்றச் சில நொடிகள் ஆகும். அதுவரை காற்று பற்றாமல் பாதி எரிந்த டீசல் கரியாக வெளியே வரும். ஊதுகுழலைக் கையில் எடுப்பதற்குள் அடுப்பில் விறகைத் திணித்தால் என்ன ஆகுமோ, அதேதான். தண்டவாளத்தை ஒட்டி வீடு இருந்த எங்கள் பெரியம்மா, வண்டி நேரம் பார்த்துத்தான் மாடியில் வெள்ளைத் துணி காயப்போடுவார். வண்டி லேட்டானால் போச்சு, திரும்பத் துவைக்க வேண்டும்.

நிற்கும்போதும் எஞ்சினை அணைக்காமல் ஏன் உறுமவிட்டார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வண்டிகளில் வாக்குவம் பிரேக். பிரேக்கைப் பிடிக்காமல் வைப்பது குழாயில் உள்ள வெற்றிடம், எஞ்சின் ஓடினால்தான் அது நிற்கும். அணைத்தால் கொஞ்ச நேரத்தில் பிரேக் பிடித்துக்கொள்ளும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, கிராசிங்குக்காக நின்ற நேரமெல்லாம் அந்த ‘தக் தக் தக்’தான் துணை.

எஞ்சின் கிழடாகி ஓய்ந்துவிட்டது என்று ஒரு பதிலில் பார்த்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்கு உழைக்கத் தெம்பு இருந்தது, தண்டவாளம்தான் போய்விட்டது. பாதையை அகலமாக்க மீட்டர் கேஜைப் பிடுங்கியதும், இது ஓட நம் பக்கம் இடமில்லை. அதனால்தான் மலேசியாவுக்கும் மியான்மருக்கும் கப்பலேறிப் போய் அங்கே வண்டி இழுத்தது.

பார்க்க ஆசையென்றால் ஊட்டி மலை ரயிலில் ஏறுங்கள். பல்சக்கரப் பாதை குன்னூரோடு முடியும். அதற்கு மேல் ஊட்டி வரை ஒய்டிஎம்-4தான். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.