இரண்டு கைப்பிடி கல்லுப்பு போதுமா?

கேள்வி: மேசை மேல் வைக்க 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். மீன் வேண்டாம், இறாலும் நத்தையும் போதும் என்றேன். "அப்படியானால் உவர்நீர்த் தொட்டி (நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்ட உப்புள்ள நீர்) வையுங்கள், பராமரிப்பே கிடையாது" என்றார் கடைக்காரர். இரண்டு கைப்பிடி கல்லுப்பு போடச் சொல்லி, பத்து செர்ரி இறால், மூன்று நெரைட் நத்தை, ஒரு ஃபில்டர், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் எல்லாம் கொடுத்தார். ஐந்தே நாளில் இறால் அத்தனையும் செத்துவிட்டன. நத்தைகள் நன்றாக இருக்கின்றன. எங்கே தப்பு? இனி என்ன வாங்குவது?
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. செர்ரி இறால் நன்னீர் ஓடைகளில் வாழும் உயிர். கொஞ்சம் உப்பைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் புதுத் தொட்டி, பழகாத தண்ணீர், அளக்காத உப்பு மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் தாங்காது. நெரைட் நத்தைகளில் பல, ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் வாழ்பவை. அதனால்தான் அவை பிழைத்தன.

கல்லுப்பு விஷயத்துக்கு வருகிறேன். அதிலிருக்கும் அயோடின்தான் இறாலைக் கொல்கிறது என்று பலர் சொல்வார்கள். அது அத்தனை சிறிய அளவு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிக்கல் அதில் இல்லாத பொருள்களில் இருக்கிறது. உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரைக் காயவைக்கும்போது சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முன்பே படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நமக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. இறால் தோலுரிக்கவும் நத்தை ஓடு கட்டவும் தேவையானவை அதில் இல்லை. கடைகளில் 'மீன் உப்பு' என்று பொட்டலம் போட்டு விற்பதும் பெரும்பாலும் இதேதான். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பவளத் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் 'மரைன் சால்ட்'. கொளத்தூர் பக்கம் கடல் மீன் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

அளவு இதுதான்: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உங்களுக்கு அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, 15 கிராம் போதும். மரைன் சால்ட்டில் ஈரமும் இருப்பதால் லிட்டருக்கு 16 கிராம் என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டருக்கு 320 கிராம். ஒரு கிலோ பாக்கெட் வாங்கினால் மூன்று முறை கலக்கலாம். தொட்டிக்குள் கொட்டாதீர்கள், வாளியில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, கரைத்து, ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள்.

உங்களிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. அந்தக் கையடக்க மீட்டர்கள் பெரும்பாலும் லிட்டருக்கு 9,990 மில்லிகிராம் வரைதான் காட்டும். உங்கள் தண்ணீர் 15,000-ஐத் தொடும். பிரிக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். தேனுக்கும் பழச்சாறுக்கும் உள்ள மீட்டரும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். கண்ணை வைத்துப் பாருங்கள். உள்ளே 1.000 (உப்பில்லாத தண்ணீரின் அடர்த்தி) முதல் 1.070 வரை அளவுகோல் தெரிந்தால் அதுதான் உப்புக்கு உரியது. உங்கள் தண்ணீர் 1.010, 1.011 காட்ட வேண்டும்.

அப்புறம், தொட்டியின் வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சித்திரை வெயிலில் மட்டம் மளமளவென்று இறங்கும். போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும். கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் போதும். பலர் இங்கே மறுபடி உப்புநீரை ஊற்றித்தான் கெடுக்கிறார்கள். மூடி கட்டாயம், நெரைட் இரவில் விளிம்பு ஏறி வெளியே விழுந்துவிடும். கண்ணாடியில் எள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பதறாதீர்கள், அவை நத்தையின் முட்டை.

செர்ரி இறால் மறுபடி வேண்டுமென்றால் அதை நன்னீரில் வையுங்கள், உப்பே வேண்டாம். உவர்நீர்தான் வேண்டுமென்றால் அதற்கே உரிய இறாலைத் தேடுங்கள். அது அடுத்த கேள்வியில் வருகிறது. எதுவானாலும் தொட்டியை நான்கைந்து வாரம் இறால் இல்லாமல் ஓடவிட்டு, பாசி பிடித்த பிறகு இறாலை உள்ளே விடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

கேள்வி: சீல் வைத்த கண்ணாடி உருண்டைக்குள் சின்னச் சிவப்பு இறால்கள். "உணவே போட வேண்டாம், தானே இயங்கும் உலகம்" என்று ஆன்லைனில் விளம்பரம். மகள் பிறந்த நாளுக்கு வாங்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: வேண்டாம் அம்மா. அது ஹவாய்த் தீவுகளின் 'ஓபாயி உலா'. அந்த ஊர் மொழியில் சிவப்பு இறால் என்று பொருள். எரிமலைப் பாறைக் குழிகளில், நிலத்தடியே கடலோடு தொடர்புள்ள உவர்நீரில் வாழ்கிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. பசியை மாதக்கணக்கில் தாங்கும். அதனால்தான் உருண்டைக்குள் மெல்ல மெலிந்துகொண்டிருக்கும் இறாலைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். இதே இறாலை மேலே சொன்ன, சீல் வைக்காத உவர்நீர்த் தொட்டியில் விட்டால் ஃபில்டர்கூட வேண்டாம். வாரத்துக்கொரு முறை ஒரு சிட்டிகை ஸ்பைருலினா பாசித் தூள் போதும். பயந்தால் நிறம் வெளுத்து, அமைதியானதும் செக்கச் சிவந்துவிடும். அதை மகள் பார்க்கட்டும். வாங்கும்போது மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று கிடைத்தால் அது ஓபாயி உலா இல்லை.

கேள்வி: கூரியரில் வந்த இறால்கள் பையிலேயே செத்திருந்தன. "உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்று பணம் தர மறுக்கிறார்கள்.
— வாசகர், திருச்சி

பதில்: விளம்பரப் பக்கத்தில் 'உயிரோடு வந்து சேரும்' என்று போட்டிருந்தார்களா? அந்தப் பக்கத்தை உடனே படம் பிடித்து வையுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்லவும் ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த முறை பையைப் பிரிக்கும் முன்பே செல்போனில் வீடியோவை ஓடவிடுங்கள்.